கூரையில்லாத கட்டுமானம்: இமயமலை நகரங்களில் தாங்குசுவரும் அனுமதிச் சட்டமும்

மலைநகரங்களின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மால் சாலை, தேவாலயம், கிளப், ஆளுநர் மாளிகை ஆகியவற்றிலிருந்தே தொடங்குகின்றனர். இவை அனைத்தையும் சரிவில் நிறுத்தி வைத்திருக்கும் கற்சுவர்கள் பழைய புகைப்படங்களில் பின்புலமாக மட்டுமே தென்படுகின்றன. உத்தராகண்டில் அச்சுவரைப் 'புஷ்தா' என்பர்; முதுகு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லோடு உறவுடைய பெயர் அது. இமாச்சலத்தில் 'டங்கா'. நம் பொறியியல் தமிழில் தாங்குசுவர். நீலகிரியில் பேச்சு வழக்கில் தடுப்புச்சுவர்.

இப்பதிவில் நான் எடுத்துக்கொள்ளும் கேள்வி மிகச் சிறியது. தன் வீட்டுக்காக மலைச்சரிவை வெட்டி, அந்த வெட்டுமுகத்தை ஒரு தாங்குசுவரால் நிறுத்த விரும்பிய ஒருவர் யாரிடம், எந்தச் சட்டத்தின்கீழ் அனுமதி பெற வேண்டியிருந்தது? இதற்கு விடை தேடப் புகுந்தால், தனித்தனியே வளர்ந்த மூன்று சட்ட மரபுகள் எதிர்ப்படுகின்றன: அண்டை நிலத்தார் இருவருக்கிடையிலான தாங்கல் உரிமை, நகராட்சியின் கட்டட அனுமதி, பேரழிவுக்குப் பின் பிறந்த மலைச்சரிவுப் பாதுகாப்பு. மூன்றும் ஒரே சுவரைப் பற்றியவை. எனினும் ஒன்று மற்றொன்றை அறியாதது போலவே இயங்கின. அனுமதி என்பது தொடக்கம் முதலே ஒருவருடைய மனையைப் பற்றிய விசாரணையாக இருந்ததும், சரிவோ மனை எல்லைகளை அறியாமல் ஒரே உடலாக நகர்வதுமே இந்த வரலாற்றின் அடிப்படைச் சிக்கல் என்பது என் கருத்து. இதற்கு நைனிதால் நகரத்தை முதன்மைச் சான்றாகக் கொள்கிறேன்.

முதலில், தாங்குசுவர் என்ன செய்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட வேண்டும்; சட்டத்தின் குறைகள் அதிலிருந்தே விளங்கும். மண்ணின் பக்க அழுத்தத்தைக் கணக்கிடும் முறையை வகுத்தவர் பிரெஞ்சுப் படைப் பொறியாளர் கூலோம். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டிய அனுபவத்தோடு அவர் 1773இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் படித்த கட்டுரை 1776இல் அச்சாயிற்று. 1857இல் ராங்கின் அதை வேறொரு வழியில் எளிமையாக்கினார். இக்கோட்பாட்டின்படி சுவரின் உயரம் இரு மடங்கானால் அதன்மீது விழும் தள்ளுவிசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் எட்டு மடங்காகும். எனவே ஐந்தடிச் சுவரும் பத்தடிச் சுவரும் அளவில் மட்டும் வேறுபட்டவை என்று எண்ணலாகாது. இதைவிட முக்கியமானது நீர். பின்புற மண்ணில் நீர் நிறைந்து வடிய வழியில்லாது நின்றால், சுவரின்மீதான விசை உலர்ந்த நிலையில் இருப்பதைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகிவிடும். வடிகால் இல்லாத தாங்குசுவர், கட்டியவர் அறியாமலே ஓர் அணைக்கட்டாகிவிடுகிறது. ஆனால் அணைக்குரிய கனம் அதற்கு இல்லை. சாந்து பூசாமல் அடுக்கிய கற்சுவரின் இடுக்குகள் வழியே நீர் தானே கசிந்து வெளியேறும். இமயமலையின் படிக்கட்டு வயல்களைத் தாங்கிவந்த சுவர்கள் அவ்வகையினவே. சிமெண்டு வந்தபின் அவ்விடுக்குகளுக்கு மாற்றாக நீர்க்கசிவுத் துளைகளைத் திட்டமிட்டு வைக்க வேண்டியதாயிற்று. துளை வைக்க மறந்த சுவர் வெயில் காலத்தில் எல்லாச் சுவர்களையும்விட உறுதியாகத் தோற்றமளிக்கும்.

இன்னொன்று. தாங்குசுவர் ஆபத்தின் காரணமன்று. அது ஆபத்தின் அடையாளம். வீட்டுக்குச் சமதளம் வேண்டி மலையை வெட்டும்போது மேலேயுள்ள சரிவு தன் பாதத்தை இழக்கிறது. வெட்டிய மண்ணைக் கீழ்ப்புறம் கொட்டும்போது கீழேயுள்ள சரிவு புதிய சுமையை ஏற்கிறது. சுவர் எழுவதற்கு முன்பே இவ்விரண்டும் நடந்து முடிந்துவிடுகின்றன. ஆகவே சுவருக்கு மட்டும் அனுமதி கேட்கும் சட்டம், காலத்தால் ஒரு படி பின்தங்கிய சட்டமாகும்.

இனி நைனிதால். ஷாஜஹான்பூரில் சர்க்கரை வாணிபம் செய்த பேரன் என்ற ஆங்கிலேயர் 1841இல் இவ்வேரியைப் பற்றி வெளியுலகுக்கு எழுதிய பின் குடியேற்றம் தொடங்கியது. 1845இலேயே நகராட்சிக் குழு அமைந்தது. ஏரியின் வடகிழக்கே எழும் ஷேர்-கா-டண்டா மலையும் அதன் தொடர்ச்சியான ஆல்மா மலையும் பெரும்பாலும் நொறுங்கும் இயல்புடைய களிப்பாறைகளால் ஆனவை. அங்கேதான் வீடுகளும் விடுதிகளும் நெருங்கி எழுந்தன. வெயில் நன்றாக விழும் பக்கம் அதுவே என்பது இத்தேர்வை ஓரளவு விளக்கும். 1867இல் ஒரு சரிவு ஏற்பட்டது. குமாவுன் கமிஷனராக இருந்த ஹென்றி ராம்சேயின் காலத்தில் மலைச்சரிவுப் பாதுகாப்புக்கென ஒரு குழு அமைந்தது அதன்பின்தான். இந்திய மலைநகரம் ஒன்றில் சரிவையே நிர்வாகத்தின் பொருளாகக் கொண்ட மிகப் பழைய முயற்சிகளுள் ஒன்றாக இதைக் கருதலாம். ஆனால் அடுத்த பதின்மூன்று ஆண்டுகளில் ஆல்மா மலையில் கட்டுமானம் குறையவில்லை.

1880 செப்டம்பர் 18, சனிக்கிழமை. இரண்டு நாளுக்கு மேலாக மழை இடைவிடாது கொட்டியிருந்தது. முற்பகலில் விக்டோரியா ஓட்டலின் பின்புறச் சரிவு இடிந்து, துணைக்கட்டடங்களில் இருந்த சிலரைப் புதைத்தது. அவர்களைத் தோண்டியெடுக்க அதிகாரிகளும் படைவீரர்களும் தொழிலாளர்களும் கூடினர். நண்பகல் கழிந்து ஒன்றரை மணியளவில் மலையின் பெரும்பகுதி ஒருசேரக் கீழிறங்கியது. ஓட்டல், அருகிலிருந்த கடை, நைனா தேவி கோயில், ஏரிக்கரையிலிருந்த மக்கள் கூடுமன்றம் ஆகியவை சில நொடிகளில் மறைந்தன. இறந்தோர் 151 பேர். அவர்களுள் 108 பேர் இந்தியர், 43 பேர் ஐரோப்பியரும் யூரேசியரும். மீட்கச் சென்றவர்களே பெருமளவில் மாண்டனர் என்பது இப்பேரழிவின் கொடிய தனித்தன்மை. நகரத்தின் புனித யோவான் ஆலயத்தில் இந்நிகழ்வில் மாண்டோரை நினைவுகூரும் பித்தளைப் பலகை இன்றும் உள்ளது. 108 இந்தியர்களோ பிற்கால நூல்களில் பெரும்பாலும் ஓர் எண்ணாகவே வருகின்றனர்.

இந்தியப் புவியியல் அளவாய்வுத் துறையின் ஆர். டி. ஓல்டாம் அதே ஆண்டில் இச்சரிவைப் பற்றிய குறிப்பை வெளியிட்டார். 1890இல் மிடில்மிஸ் நைனிதாலின் புவியியலை விரிவாக எழுதினார். 1897இல் ஹாலண்ட் மலைச்சரிவுகளின் நிலைப்புத் தன்மை குறித்துத் தனி அறிக்கை தந்தார். பதினேழு ஆண்டுகளில் ஒரு சிறு நகரத்தின் சரிவைப் பற்றி மூன்று புவியியலாளர்கள் எழுதியது அக்காலத்தில் அரிது. இவற்றின் விளைவாக நகரம் பெற்ற மிகப் பெரிய சொத்து, மலைமேலிருந்து ஏரி வரை மழைநீரைக் கட்டுப்படுத்திக் கொண்டுசேர்க்கும் வடிகால் வலைப்பின்னல். அதன் பெரும்பகுதி இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. கவனிக்க: அரசு தன் செலவையும் அறிவையும் சுவரில் இடாமல் நீரில் இட்டது. வடிகால் மனைகளைக் கடந்து ஓடுவது. அதைத் தனியொருவருடைய மனைக்குள் அடக்க இயலாது. மூன்று மரபுகளுள் இது ஒன்றே சரிவை ஒரே உடலாகக் கண்டது. ஆனால் இது பொதுப்பணியாகவே நின்றது. தனி வீட்டு உரிமையாளர் தன் மனைக்குள் எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்ற கேள்விக்குள் அது முழுமையாகப் புகவில்லை.

வசதி படைத்தோர் வேறொரு வழியைக் கண்டனர்; மலையையே மாற்றிக்கொண்டனர். ஜிம் கார்பெட்டின் குடும்பம் எதிர்ப்புறத்து அயார்பாட்டா மலையில் 1881இல் கட்டிய 'கர்னி ஹவுஸ்' இவ்வகைக்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. அரசும் அவ்வாறே செய்தது. ஷேர்-கா-டண்டா மலையிலிருந்த ஆளுநர் மாளிகையில் விரிசல்கள் தோன்றவே அது கைவிடப்பட்டு, 1899இல் அயார்பாட்டாவில் புதிய மாளிகை எழுந்தது. இன்றைய ராஜ்பவன் அதுவே. அதற்கு முந்தைய ஆண்டு, 1898 ஆகஸ்ட் 17 அன்று, ஏரியின் மறுகோடியில் உள்ள பலியா ஓடைப் பள்ளத்தில் மதுவடிப்பாலையை ஒட்டிய சரிவு இடிந்து 28 பேர் இறந்தனர். அவர்களுள் ஒருவர் மட்டுமே ஐரோப்பியர். ஆளுநர் இடம்பெயர முடிந்தது, ஆலைத் தொழிலாளி முடியவில்லை என்ற வேறுபாட்டை இவ்விரு செய்திகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

இவையெல்லாம் மலையில் நடந்துகொண்டிருந்த ஆண்டுகளிலேயே, இரண்டாம் மரபு வேறோரிடத்தில் முடிவான வடிவம் பெற்றுக்கொண்டிருந்தது. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் அடுத்தடுத்து இரு கட்டடங்கள். ஒன்றை 1849இல் அதன் உரிமையாளர்கள் வண்டித் தொழிற்சாலையாக மாற்றி, அதன் பாரத்தைக் கூட்டினர். 27 ஆண்டுகளுக்குப் பின் அடுத்த மனையில் பழைய கட்டடத்தை இடித்து ஆழமாகத் தோண்டியபோது தொழிற்சாலை சரிந்தது. 'டால்டன் எதிர் ஆங்கஸ்' எனச் சட்ட மாணவர்கள் அறிந்த இவ்வழக்கில் 1881இல் பிரபுக்கள் சபை அளித்த தீர்ப்பு, கட்டடம் ஒன்று அண்டை மண்ணின் தாங்கலை 20 ஆண்டுகள் பெற்றிருந்தால் அது உரிமையாகிவிடும் என்று நிறுவியது. மறு ஆண்டே இந்திய வசதியுரிமைகள் சட்டம், 1882 வந்தது. அதன் 7ஆம் பிரிவின் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று, தன் இயற்கை நிலையில் உள்ள நிலத்துக்கு அண்டை மண்ணின் இயற்கைத் தாங்கலைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. இயற்கை நிலை என்பதற்கு அச்சட்டம் தரும் விளக்கமே நமக்கு முக்கியம்: தோண்டப்படாததும், செயற்கையான பாரம் ஏற்றப்படாததுமான நிலம்.

இவ்வரையறையை ஒரு மலைநகரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வெட்டித் தட்டாக்காமல் அங்கே வீடு கட்ட இயலாது. வெட்டியவுடன் நிலம் இயற்கை நிலையை இழக்கிறது. வீடு எழுந்தவுடன் செயற்கைப் பாரத்தை ஏற்கிறது. எனவே மலைநகரத்தின் ஒவ்வொரு வீடும், சட்டத்தின் கண்ணில், தாங்கல் உரிமை இல்லாத நிலத்திலேயே பிறக்கிறது. அதே சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி இடையூறின்றி 20 ஆண்டுகள் நின்ற பிறகே அவ்வுரிமை முளைக்கும். அண்டை நிலம் அரசுடையதாயின் 60 ஆண்டுகள் என்று முதலில் வகுக்கப்பட்டது. கங்கைச் சமவெளியிலோ தஞ்சைத் தரையிலோ இவ்விதி பெரும்பாலும் அமைதியாக உறங்கும். மலையில் அது, மேல் வீட்டுக்காரரையும் கீழ் வீட்டுக்காரரையும் இருபது ஆண்டுக் காலம் ஒருவர் மண்ணை ஒருவர் நம்பி, உரிமை ஏதுமின்றி வாழவைக்கிறது. அக்காலத்துக்குள் கீழ்மனைக்காரர் வெட்டினால் மேல்வீட்டுக்காரருக்கு எஞ்சுவது, கவனக்குறைவை மெய்ப்பிக்கும் பாடு மட்டுமே.

இச்சட்டம் பரவிய புவியியலும் கருதத்தக்கது. முதலில் அது சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றுக்கு மட்டுமே பொருந்தியது. ஆகவே உதகமண்டலத்து வீட்டுக்காரருக்கு 1882இலேயே எழுத்து வடிவில் கிடைத்த விதி, நைனிதால் இருந்த வடமேற்கு மாகாணங்களுக்கு 1891இல்தான் பம்பாயோடு சேர்த்து நீட்டிக்கப்பட்டது. சிம்லா இருந்த பஞ்சாபுக்கும் டார்ஜீலிங் இருந்த வங்காளத்துக்கும் காலனியாட்சிக் காலத்தில் அது நீட்டிக்கப்படவேயில்லை; அங்கு நீதிமன்றங்கள் ஆங்கிலப் பொதுச்சட்டக் கோட்பாடுகளை நியாயத்தின் பெயரால் எடுத்தாண்டன. மிக அதிகமாகச் சரிந்த மலைகளுக்கு மிகத் தாமதமாகவோ, அறவே இல்லாமலோ போன சட்டம் இது.

மூன்றாம் மரபு நகராட்சிக் கட்டட அனுமதி. இதன் வேர் சமவெளி நகரத்தில் இருக்கிறது: தெருவின் நேர்க்கோடு, காற்றோட்டம், கழிவுநீர், தீ, தொற்றுநோய். அதனால் அனுமதிச் சட்டத்தின் கண் எப்போதும் மனிதர் குடியிருக்கும் கூட்டின்மீதே விழுந்தது. நைனிதாலுக்குப் பொருந்திய 1916ஆம் ஆண்டின் ஐக்கிய மாகாணங்கள் நகராட்சிகள் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். 'கட்டடம்' என்ற சொல்லுக்கு அது தரும் வரையறை வீடு, குடிசை, கொட்டகை என்று தொடங்கி, கூரையுடைய பிற அமைப்பு என்று முடிகிறது. பொருள் எதுவாயினும், பயன் எதுவாயினும், கூரை இருக்க வேண்டும். புதிய கட்டடம் எழுப்பவும் கட்டடத்தைப் பெரிதும் மாற்றவும் கிணறு தோண்டவும் நகராட்சிக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும். கிணறு பெயர் சொல்லி இடம்பெறுகிறது. மலையை வெட்டி எழும் இருபதடிச் சுவருக்குக் கூரை இல்லை. எனவே வரையறையின் மையத்தில் அதற்கு இடமும் இல்லை.

ஐந்தாண்டுகள் முன்னதாக வந்த 1911ஆம் ஆண்டின் பஞ்சாப் நகராட்சிச் சட்டத்தோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். அங்கு 'கட்டடம்' கடை, வீடு, குடிசை, தொழுவம் எனப் பட்டியலிடப்பட்டு, சுவரும் கிணறும் அதில் அடங்கும் என்று முடிக்கப்பட்டுள்ளது. அந்த ஒற்றைச் சொல்லால் சிம்லாவின் டங்கா நகராட்சியின் அதிகாரத்துக்குள் வந்தது. நைனிதாலின் புஷ்தா ஐயத்துக்குரியதாய் நின்றது. சட்டம் வரைந்தவர்கள் மலையை மனத்தில் வைத்தே பஞ்சாபில் சுவரைச் சேர்த்தனர் என்று நான் எண்ணவில்லை. பஞ்சாபின் நெருக்கமான பழைய நகரங்களில் மதில் தகராறுகளே காரணமாக இருந்திருக்கக் கூடும். விளைவு மட்டும் மலையிலும் விழுந்தது.

1916ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு நியாயம் வழங்கும்போது மற்றொன்றையும் சொல்ல வேண்டும். துணைவிதிகளைப் பற்றிய 298ஆம் பிரிவில், மலைப்பகுதி நகராட்சிகளுக்கெனத் தனியே ஒரு பட்டியல் உண்டு. மரம் வெட்டுதல், மண் அகற்றுதல், தோண்டுதல், கல்லெடுத்தல் ஆகியவற்றை மண்ணைக் காக்கவும் நிலச்சரிவைத் தடுக்கவும் கட்டுப்படுத்தும் துணைவிதிகளை நகராட்சி இயற்றலாம் என்று அது கூறுகிறது. 1880இன் நினைவு இந்த வரிகளில் தெளிவாகக் கேட்கிறது. ஆனால் அதிகாரம் தரப்பட்ட முறை கவனத்துக்குரியது: கட்டட அனுமதி சட்டத்தின் உடலில் கடமையாக இருக்க, வெட்டுதலைக் கட்டுப்படுத்துவது இணைப்புப் பட்டியலில், நகராட்சி விரும்பினால் எடுத்துக்கொள்ளும் தெரிவாக இருந்தது. மேலும் சுவர் அச்சட்டத்தில் அறவே இல்லாமலில்லை. இடிந்துவிழும் நிலையில் உள்ள, மக்களுக்கு ஆபத்தான கட்டடம், சுவர், கரை ஆகியவற்றைப் பழுதுபார்க்கவோ இடிக்கவோ உரிமையாளருக்கு ஆணையிடும் பிரிவில் அது பெயரோடு வருகிறது. பிறப்பில் பதிவு பெறாத சுவர், சாகும் தறுவாயில்தான் நகராட்சியின் கண்ணில் படுகிறது.

சுதந்திரத்துக்குப் பின் பெரிய மாற்றம் சொல்லில் நிகழ்ந்தது. பிரிட்டனின் 1947ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டம், கட்டடம் என்ற கருத்தை விட்டு 'மேம்பாடு' என்ற கருத்தைக் கைக்கொண்டது: நிலத்திலோ, நிலத்தின் மேலோ, கீழோ நடைபெறும் கட்டட, பொறியியல், சுரங்கப் பணிகள் யாவும் மேம்பாடாகும். 1973ஆம் ஆண்டின் உத்தரப் பிரதேச நகரத் திட்டமிடல் மற்றும் மேம்பாட்டுச் சட்டம் இவ்வரையறையை ஏற்றது. கூரை தேவையற்றதாயிற்று, வெட்டுதலே அனுமதிக்குரிய செயலாயிற்று. 1980களில் நைனிதால் ஏரிப்பகுதிக்கென்று தனி மேம்பாட்டு ஆணையமும் அமைந்தது. ஏட்டளவில் அரை நூற்றாண்டுக் குறை அத்துடன் தீர்ந்தது எனலாம்.

ஏட்டுக்கு வெளியே, விலக்குகளின் வழியே பழைய கண்ணோட்டம் திரும்பி வந்தது. 1957ஆம் ஆண்டின் தில்லி மாநகராட்சிச் சட்டம் கட்டடத்தில் சுவரைச் சேர்க்கிறது. ஆனால் எல்லைச்சுவரை அடைப்புக்குறிக்குள் விலக்குகிறது. சமவெளியில் இது முற்றிலும் நியாயமானது. மலையிலோ இரு மனைகளுக்கிடையே உயரம் மாறுமிடத்தில் நிற்கும் எல்லைச்சுவர் எதுவும் தாங்குசுவரே; வரைபடத்தில் இரண்டுக்கும் ஒரே கோடு. தேசியக் கட்டட நெறிமுறை அனுமதி தேவையில்லாத பணிகளாக வெள்ளையடித்தல், பூச்சு, தளம் மாற்றுதல் ஆகியவற்றோடு தோட்ட வேலையையும் குறிப்பிட்டு, நிலையான அமைப்புகள் அதில் சேரா என்றும் எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கை மலைவீட்டின் தோட்டத்துக்கு எவ்வளவு தேவை என்பது, படிப்படியாக வெட்டிய தோட்டத்தைக் கண்டவர்களுக்குப் புரியும்.

அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் பன்னாட்டுக் கட்டட நெறிமுறை இங்கு ஒப்பீட்டுக்கு உதவும். நான்கடிக்கு மேற்படாத தாங்குசுவருக்கு அனுமதி வேண்டாம் என்று அது விலக்களிக்கிறது. ஆனால் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல் அடித்தளத்தின் அடியிலிருந்து அளக்கச் சொல்கிறது. சுவருக்கு மேலே வாகனமோ கட்டடமோ போன்ற கூடுதல் சுமை இருந்தால் விலக்கு இல்லை என்கிறது. உயரத்துக்கும் விசைக்குமான இருபடி உறவை அறிந்த விதி இது. ஆயினும் ஒன்றன் மேல் ஒன்றாக நான்கடிச் சுவர்கள் ஐந்தைப் படியாக அடுக்கினால் மேற்படியின் பாரம் கீழ்ச்சுவருக்குச் சுமையாகிறது என்பதைக் கண்டுகொள்ள ஒரு பொறியாளரின் கண் வேண்டும். நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் மலைப்பகுதித் தாங்குசுவர்களுக்கென்றே 1997, 1998 ஆண்டுகளில் ஐ.எஸ். 14458 என்ற வழிகாட்டியை மூன்று பகுதிகளாக வெளியிட்டது: சுவரின் வகையைத் தேர்வது, வடிவமைப்பது, சாந்தில்லாக் கற்சுவரைக் கட்டுவது. நம் கல்லடுக்குச் சுவருக்குத் தர ஆவணத்தில் ஒரு பகுதி முழுவதும் கிடைத்திருப்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன். தமிழ்நாட்டிலும் 1993இல் மலைநகரங்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வந்தன.

அனுமதி முறையைக் கடுமையாக்குவதே தீர்வு என்று இதிலிருந்து முடிவு செய்வது எளிது. அதில் எனக்குத் தயக்கம் உண்டு. சுவர்கள் இடிவது மழைக்காலத்தில். மறு மழைக்குள் அவற்றை எழுப்பியாக வேண்டும். வரைபடம், மண் ஆய்வு, பொறியாளர் சான்று ஆகியவற்றுக்குச் செலவிட வசதியற்றவர் மண்மூட்டையை அடுக்கியோ, கிடைத்த கல்லைச் சிமெண்டில் பொதிந்தோ அந்த வெட்டை மூடுகிறார். அவருடைய சுவர் அனுமதியற்றது. மேலே அனுமதியோடு எழுந்த நான்கு மாடிக் கட்டடத்தின் கூரைநீர் அச்சுவரின் பின்னால்தான் இறங்குகிறது. சுவர் விழுந்தால் ஆபத்தான சுவருக்கான அறிவிப்பு கீழ்வீட்டுக்காரர் பெயருக்கே வரும். வசதியுரிமைச் சட்டமும் அவரைக் காக்காது, ஏனெனில் அவருடைய நிலம் தோண்டப்பட்ட நிலம். மூன்று மரபுகளும் ஒருங்கே கைவிடும் மனிதர் இவர். ஆய்வில் நாம் தேட வேண்டியவரும் இவரே என்பேன்.

மனைக்கு மனை என்ற பார்வையை உடைத்த முயற்சி நைனிதாலில் ஒரு வரலாற்றாசிரியரிடமிருந்து வந்தது என்பதை மாணவ நண்பர்கள் அறிய வேண்டும். குமாவுன் பல்கலைக்கழகத்து வரலாற்றுப் பேராசிரியர் அஜய் சிங் ராவத் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. நகரப் பகுதியில் பலமாடிக் கூட்டுக் குடியிருப்புகளும் வணிக வளாகங்களும் தடை செய்யப்பட்டன. சமதளப் பகுதிகளில் சிறு வீடுகளுக்கு இடமளிக்கப்பட்டது. ஏரியில் சேரும் கழிவுநீர், மால் சாலைப் போக்குவரத்து, மரம் வெட்டுதல் ஆகியவை ஒரே ஆணையில் பேசப்பட்டன. 1867க்குப் பின் அமைந்த குழுவின் பார்வை, ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து, நீதிமன்றத்தின் வழியாகத் திரும்பியது போன்றது இது.

மற்ற மலைநகரங்களில் இவ்வழக்காடல் முடியவில்லை. சிம்லாவில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 நவம்பரில் கட்டட உயரத்தை இரண்டு மாடியும் பரணுமாகச் சுருக்கியது. 2023 ஆகஸ்ட் 14 அன்று சம்மர் ஹில் சிவன் கோயில்மீது சரிவு இறங்கி 20 பேர் மாண்டனர். 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், திட்டமிடல் மாநில அரசின் அதிகாரம் என்ற அடிப்படையில் தீர்ப்பாயத்தின் ஆணைகளை விலக்கியது. ஜோஷிமட்டில் 1976இலேயே கட்வால் கமிஷனர் மிஸ்ரா தலைமையிலான குழு, பழைய சரிவுக் குவியல்மீது நிற்கும் அவ்வூரில் கனமான கட்டுமானம் கூடாது, தோண்டியோ வெடிவைத்தோ பாறைகளை அகற்றலாகாது என்று பரிந்துரைத்திருந்தது. 2023 ஜனவரியில் அவ்வூரின் நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் கண்டபோதுதான் அவ்வறிக்கை பரவலாக வாசிக்கப்பட்டது.

நைனிதால் தீர்ப்பின் ஆணைகளுள் ஒன்று பலியா ஓடைப் பள்ளத்தைப் பற்றியது: அதன் நொய்ம்மையைக் கருத்தில் கொண்டு, பள்ளத்திலும் அதன் அடித்தளத்திலும் உள்ள விரிசல்களைத் தாமதமின்றிச் செப்பனிட வேண்டும். 1898இல் 28 பேரைப் பலிகொண்ட அதே பள்ளம் அது. ஏரியின் உபரிநீர் முழுவதும் வெளியேறும் வழியும் அதுவே. அண்மை ஆண்டுகளிலும் அதன் கரை மீண்டும் மீண்டும் சரிந்து, விளிம்பில் குடியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.